உங்கள் மாமா மலையேறிய வழி

நம் வண்டிக் கொட்டகையின் கூரைச் சட்டத்தில் ஒரு நீள மூங்கில் செருகிக் கிடக்கிறதே, அதைத் தேங்காய் பறிக்கிற தொரட்டி என்றுதான் நீங்கள் இருவரும் இத்தனை நாளும் நினைத்திருக்கிறீர்கள். பந்தல்காரரிடம் கேட்டு வாங்கிய இரண்டு மூங்கில்களை ஒட்டுப் போட்டு, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு முனையில் சிவப்புத் துணி சுற்றியது அது. நான் அப்போது ஓட்டிக்கொண்டிருந்த கேரவேன் வண்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். சிவப்புத் துணி சுற்றிய முனை வண்டியின் வால். அந்த வால் முனையைத் தோளில் வைத்துக்கொண்டு உங்கள் அம்மா கொல்லிமலை ரோட்டில் நடந்தாள். தலை முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நான் நடந்தேன். தொரட்டிக்கு எதற்குச் சிவப்புத் துணி என்று போன வாரம் பெரியவள் கேட்டாள். வாயால் சொல்லப்போனால் பாதியில் விட்டுவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு லாரிக்குப் போனவன், எழுத்தில் பிழை இருந்தால் நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தாய்மாமனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பெரியவளுக்கு அவர் முகம் போட்டோவில் பார்த்ததா நேரில் பார்த்ததா என்றே குழப்பம். சின்னவன் பிறக்கும்போது அவர் இல்லை. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு வடநாடு முழுக்கச் சுற்றியவர். நல்ல உயரம், நல்ல குரல், பேச்சில் எப்போதும் ஒரு கிண்டல். வெளி மாநிலத்தில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது வண்டி மேலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி இல்லை. கால் இருக்கும், ஆனால் அது கட்டில்மேல் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி இருக்கும். சிறுநீர் தானாகப் போகாது. குழாய் வைத்து, பக்கத்தில் ஒரு பை தொங்கும். சேந்தமங்கலம் பக்கத்தில் இருந்த அவர் வீட்டில், ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டிருந்தது. ஜன்னலில் கொல்லிமலை தெரியும். வந்தவர்கள் நலம் விசாரித்தால், "எனக்கென்னுங்க, மலையப் பாத்துட்டே படுத்துக் கெடக்கறேன், காசு குடுத்தாலும் கெடைக்காத ரூமு" என்பார்.

ஆனால் வீட்டை விட்டு வெளியே வருவதை அவர் நிறுத்தியிருந்தார். அடிபட்ட மறு வருஷம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். பந்தி நடக்கிற நேரத்தில் குழாய் நழுவி வேட்டி நனைந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்தவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்படித் திரும்பிக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. "என்னையக் கூப்புடாதீங்க, ஆசீர்வாதத்தப் போன்லயே அனுப்பிச்சுடறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்.

இந்த நிலையில்தான் பெரியவளுக்கு மொட்டையடித்துக் காது குத்த வேண்டிய நேரம் வந்தது. நம் குலசாமி கோயில் மலைமேல் இருக்கிறது. தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும், அவர் மடியில் உட்கார வைத்துத்தான் முடியிறக்கிக் காது குத்த வேண்டும். உங்கள் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். பங்காளி முறையில் வேறொரு அண்ணனை உட்கார வைத்துக்கொள்ளலாம், சாமி கோவித்துக்கொள்ளாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். உங்கள் அம்மா கேட்கவில்லை. "எங்கண்ணன் மடியில்லாம எம் புள்ளைக்குக் காது குத்தறதில்ல. காது மூளியாவே இருக்கட்டும்" என்றாள். அண்ணனிடம் போய் நின்றாள். அவர் வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்புடி அம்மிணி வாரது? ஒக்காந்து வர முடியாது. ஆம்புலன்ஸ்லயா?"

"ஆம்புலன்ஸே வச்சுக்கலாங்ண்ணா."

"சைரன் வச்ச வண்டியில சீர் கொண்டாந்து எறங்குனா, சனம் என்ன நெனைக்கும்? மாமன் வந்திருக்கானா, பொணம் வந்திருக்கான்னு எட்டிப் பாக்கும். அதுல நான் வரமாட்டன்."

நான் ஓட்டிய கேரவேன் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாமக்கல்லில் பாடி கட்டிய வண்டி. பஸ் சேஸிஸ்மேல் ஒரு வீடே இருக்கும். கட்டில், சமையல் மேடை, குளியலறை, பின்பக்கம் பெரிய தண்ணீர் டேங்க், எல்லாம் உண்டு. படப்பிடிப்புக்கும், குடும்பத்தோடு கோயில் குளம் போகிறவர்களுக்கும் முதலாளி வாடகைக்கு விடுவார். விஷயத்தைச் சொன்னதும், "ஒரு நாளைக்கு எடுத்துக்கப்பா, முழுசா கொண்டாந்து உடு" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். மச்சானிடம் சொன்னேன். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு மாற்றம். வண்டி உள்ளேயே கட்டில், உள்ளேயே தண்ணீர். வேட்டி நனைந்தாலும் இறங்குவதற்கு முன்னால் கழுவித் துடைத்து மாற்றிக்கொண்டு மாமனாக இறங்கலாம். அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த தகராறு எந்த வழியில் போவது என்பதில் வந்தது. அவர் வீட்டிலிருந்து காரவள்ளி அடிவாரம் கூப்பிடு தூரம். ஆனால் அந்த ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவு. கட்டைப் பஸ் போகும், கார் போகும். என் வண்டி அத்தனை நீளத்துக்கு வளையுமா என்று எனக்குப் பயம். இன்னொரு வழி ராசிபுரம் போய், நாமகிரிப்பேட்டை தாண்டி, முள்ளுக்குறிச்சி பக்கமாக ஏறுவது. சுற்று வழி, ஆனால் வளைவு குறைவு, ஏற்றமும் கொஞ்சம் சாந்தமாக இருக்கும். நான் முள்ளுக்குறிச்சி என்றேன். மச்சானுக்கு அது பிடிக்கவில்லை.

"மரத்துக்குள்ளயே பூந்து பூந்து போற ரோடு மாப்ள அது. மல ஏறுனா கீழ தெரியோணும். இத்தன வருசமா கீழ கெடந்து மேல பாத்தாச்சு. ஒருக்கா மேலருந்து கீழ பாக்கோணும். காரவள்ளியில ஏறுனா ஒவ்வொரு வளைவுலயும் நம்மூரு ஏரியும் கோழிப் பண்ணையும் தீப்பெட்டியாட்டம் தெரியும்."

"வண்டி வளையாதுங்க மச்சா."

"வளையாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது? வளச்சுப் பாத்தீங்களா?"

வளைத்துப் பார்க்க முடியாதே. அந்த வண்டியைக் கொண்டுபோய்ப் பாதி மலையில் மாட்டிக்கொண்டால் எழுபது வளைவிலும் போக்குவரத்து நின்றுபோகும். அதனால்தான் மூங்கில். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் மூங்கிலைப் போட்டுக்கொண்டு நானும் உங்கள் அம்மாவும் காரவள்ளிக்குப் போனோம். வளைவு வந்ததும் இறங்கி, ஆளுக்கு ஒரு முனை பிடித்து, நான் டிரைவர் சீட்டில் இருப்பது போல் ரோட்டின் வெளி ஓரத்தை ஒட்டி வளைந்து நடப்பேன். பின்சக்கரம் வருகிற இடத்தில் மூங்கிலில் சுண்ணாம்பு தடவியிருந்தேன். அந்த இடம் உள் ஓரத்துக் கல்லை ஏறாமல் இருக்க வேண்டும், வால் முனை வெளிச்சுவரை இடிக்காமல் இருக்க வேண்டும். முதல் சில வளைவுகளில் முன்னும் பின்னும் போய் எப்படியோ ஒப்பேறியது. பைக்கில் போகிற பையன்கள், "ஏனுங்க, மலைக்குப் பந்தல் போடறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்கும் மேலே ஏற ஏற வளைவு நெருங்கியது. ஒரு வளைவில் நான் உடம்பைக் குறுக்கித் திரும்பினேன், மூங்கில் திடீரென்று கனத்தது. திரும்பிப் பார்த்தேன். உங்கள் அம்மா தடுப்புச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் தோளிலிருந்த சிவப்புத் துணி சுவரைத் தாண்டி, கீழே ஒன்றுமில்லாத இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இருவரும் மூங்கிலை இறக்கி வண்டியில் போட்டோம்.

முள்ளுக்குறிச்சி வழியையும் அதே போல் நடந்து பார்த்தோம். இங்கே வளைவு அகலம். மூங்கில் ஒரே வீச்சில் திரும்பியது. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரம், அதில் மிளகுக் கொடி, இடையிடையே ஓடைச் சத்தம். மச்சான் சொன்னது போல் மரத்துக்குள்ளேயே போகிற ரோடுதான், ஆனால் அதுவும் ஒரு அழகு. ஒரு வளைவில் நாங்கள் மூங்கிலோடு நிற்கும்போது மேலே இருந்த வீட்டிலிருந்து ஒரு அம்மா கையில் அரிவாளோடு இறங்கி வந்தார். மிளகு பறித்துக்கொண்டிருந்தவர். சுண்ணாம்பு, சிவப்புத் துணி, நீள மூங்கில் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். நம் பக்கத்தில் ரோட்டுக்கு நிலம் அளக்க வருகிறவர்கள்மேல் சனங்களுக்கு எவ்வளவு கோபம் என்று உங்களுக்கே தெரியும்.

"எவ்வளவு தூரம் எடுக்கப் போறீங்க? வூட்டையும் சேத்தா, கொடிய மட்டுமா?"

"அய்யோ, நாங்க ஆபீசு இல்லீங்கம்மா. எங்கண்ணன் வாராங்க. பெரிய வண்டி. அது திரும்புமான்னு பாக்கறோம்" என்றாள் உங்கள் அம்மா.

"உங்கண்ணன் என்ன மந்திரியா, ரோட்ட அளந்து கூட்டிட்டு வாரதுக்கு?"

உங்கள் அம்மா விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மா அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, மூங்கிலின் நடுவில் ஒரு கை கொடுத்து எங்களோடு நடந்தார். கீழே ஊர் தெரிகிற இடம் எங்காவது இருக்கிறதா என்று கேட்டோம். இன்னும் கொஞ்சம் மேலே ஒரு திருப்பத்தில் பாறை விலகி மரமில்லாமல் வெளியாக இருக்கும், வண்டி நிறுத்த இடமும் உண்டு என்றார். போய்ப் பார்த்தோம். இருந்தது. சமவெளி முழுக்க விரித்துப் போட்டது போல் கிடந்தது.

மச்சானிடம் போய், உங்கள் அம்மாதான் சொன்னாள். "காரவள்ளியில எம் பக்கத்து முனை சுவத்தத் தாண்டி வெளிய போயிருச்சுங்ண்ணா. நீங்க அந்த முனையிலதான் படுத்திருப்பீங்க." அவர் சிரித்தார். "அப்ப முள்ளுக்குறிச்சியே போலாம். அந்தரத்துல தொங்கிட்டு சீர் செய்ய முடியாது. ஆனா அந்த வெளியான எடத்துல கண்டிப்பா நிறுத்தோணும், ஆமா" என்றார்.

கிளம்புகிற அன்று காலை, பெரியவளே, உன்னையும் சொந்தக்காரர்களையும் வேனில் முன்னால் அனுப்பிவிட்டோம். ராகு காலத்துக்கு முன்னால் காது குத்தி முடித்துவிட வேண்டும் என்று பேச்சு. கேரவேனில் மூன்று பேர் மட்டும்: நான், உங்கள் அம்மா, மச்சான். புது வேட்டி, புதுச் சட்டை, பக்கத்தில் சீர்த் தட்டு. கட்டிலில் தலையணைகளை அண்டக் கொடுத்து, மார்புக்குக் குறுக்கே போர்வையை மடித்துக் கட்டினேன். வளைவில் உடம்பு சரிந்தால் அவரால் நிறுத்திக்கொள்ள முடியாது.

"என்ன மாப்ள, லோடு கட்டறீங்களா? மேல ஒரு தார்ப்பாயும் போட்டுருங்க, நனையாம இருக்கும்."

நனையாமல் என்ற சொல்லை அவரே சொன்னார். உங்கள் அம்மா குழாயையும் பையையும் இன்னொரு தடவை சரிபார்த்தாள். நான் டேங்க் நிறையத் தண்ணீர் பிடித்தேன். எப்படியும் வழியில் ஒரு தடவை கழுவ வேண்டியிருக்கும், கோயிலில் தண்ணீர் எப்படியோ என்று வாய்வரை பிடித்தேன். நாங்கள் லாரிக்காரர்கள். பாரம் ஏற்றினால் வண்டி தரையில் பதிந்து போகும் என்பதுதான் எங்களுக்குப் பழக்கம். லாரியில் பாரம் பின்சக்கரத்துக்கு முன்னாலும் மேலுமாக உட்காரும். இந்த வண்டியில் டேங்க் பின்சக்கரத்துக்கு அந்தப் பக்கம், வாலில் தொங்குகிறது. அவரும் வாழ்நாள் முழுக்கப் பார வண்டியோடு இருந்தவர், நானும் அப்படித்தான். இருவருக்கும் அது தோன்றவே இல்லை. ரோடு ரோடாக மூங்கிலைத் தூக்கிக்கொண்டு அளந்தோம். மூங்கிலுக்கு நீளம் உண்டு, எடை இல்லையே.

அடிவாரம் தாண்டி ஏறத் தொடங்கியபோதே கையில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்பியது. ரோடு ஈரமோ என்று நினைத்தேன். இரண்டு வளைவு போனது. மூன்றாவதாக ஒரு வளைவு, திருப்பத்திலேயே ஏற்றமும் சேர்ந்து வருகிற இடம். முதல் கியரில் ஏற்றினேன். பின்பக்கம் தரையில் ஏதோ கறகறவென்று உரசுகிற சத்தம். அதே நேரத்தில் முன்சக்கரம் திரும்பியிருக்கிறது, வண்டி திரும்பவில்லை. நேராக வெளி ஓரத்தைப் பார்த்துப் போகிறது. பிரேக்கை அழுத்தினேன். நின்றது. முன் கண்ணாடியில் ரோடே தெரியவில்லை, மரத்தின் உச்சிகள்தான் தெரிந்தன. கை பிரேக்கை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் சொல்வதற்கு முன்னாலேயே உங்கள் அம்மா குதித்து இறங்கிப் பின் டயர்களுக்குக் கட்டை வைத்துவிட்டாள். வைத்தவள் வண்டிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள், கையால் பிடித்து நிறுத்திவிடலாம் என்பது போல. நான் கத்தி அவளை நகரச் சொன்னேன்.

உள்ளே இருந்து மச்சான் குரல் வந்தது. அவருக்குக் கூரை மட்டும்தான் தெரியும்.

"மாப்ள, மூக்கு தூக்குதா?"

"ஆமாங்க மச்சா. பின்னாடி தண்ணி பாரம், முன்சக்கரம் தரையப் புடிக்கல."

உங்கள் அம்மா ஜன்னல் பக்கம் வந்து, "பாதி தண்ணிய உட்டுட்டுப் பாதி வச்சுக்கலாமுங்களா?" என்று என்னிடம் கேட்டாள். பாதி டேங்க் தண்ணீர் முழு டேங்கைவிட மோசம். வளைவில் ஒரு பக்கமாகத் திரண்டு ஓடி வண்டியைத் தள்ளும். தண்ணீர் வண்டி ஓட்டிய எவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை, அந்தத் தண்ணீர் எதற்காக இருக்கிறது என்பதும் தெரியுமே. அதை முழுக்கத் திறந்துவிட்டால், கல்யாண வீட்டில் நடந்தது இன்றைக்கும் நடந்தால், சீர்த் தட்டோடு அப்படியேதான் சனத்துக்கு நடுவில் இறங்க வேண்டும். திரும்பிப் போகலாம் என்றால் அந்த வண்டியை அந்த இடத்தில் திருப்பவும் முடியாது.

"பாதி ஆட்டும் அம்மிணி" என்றார் மச்சான். "முழுசா உட்ருங்க மாப்ள. என்னைய நாஞ் சமாளிச்சுக்கறேன். நீங்க வண்டியச் சமாளிங்க."

வால்வைத் திறந்தேன். தண்ணீர் ரோட்டில் பாய்ந்து கீழே ஓடியது. கீழிருந்து வருகிற பைக்குகள் சறுக்கிவிடப் போகின்றன என்று உங்கள் அம்மா துண்டை ஆட்டிக்கொண்டு கீழ் வளைவுக்கு ஓடினாள். நான் டேங்க் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகப் போகத் தீரவே இல்லை. கோயிலில் உன்னை வைத்துக்கொண்டு எல்லோரும் காத்திருப்பார்கள், போனில் சிக்னல் எடுக்கவில்லை, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது மேலிருந்து ஒரு குரல்.

"மூங்கிலு தூக்குன ஆளா? நல்ல தண்ணியயா ரோட்டுல உடறீங்க? எங்களுக்கு ரெண்டு நாளா கொழாய்ல வரல."

அரிவாளோடு வந்த அதே அம்மாதான். அவர் வீட்டுக்குக் கீழ் வளைவில்தான் நாங்கள் நின்றிருந்தோம் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேலே பார்த்துக் கூப்பிட்டார். இரண்டு மூன்று வீட்டுப் பெண்கள் குடங்களோடு இறங்கி வந்தார்கள். அவசரத்திலும் எனக்கு ஒரு ஆறுதல், வீணாகப் போகவில்லை என்று. அந்த அம்மா குடம் பிடித்துக்கொண்டே வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். மச்சானையும், கட்டிலையும், பையையும் பார்த்தார்.

"இவங்கதான் அந்த அண்ணனா?"

"ஆமாங்க, மந்திரி" என்றார் மச்சான் உள்ளேயிருந்து. "வரவேற்பு பலமா இருக்குதுங்க."

அவர் சிரித்தார். பிறகு அந்த அம்மா மூடி போட்ட இரண்டு குடங்களில் தண்ணீர் பிடித்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால், முன் சக்கரத்துக்கு நேராகக் கொண்டுவந்து அண்டக் கொடுத்து வைத்தார். "படுத்த ஆளு இருக்கற வண்டி, தண்ணியில்லாம போகாதீங்க. கொடம் திரும்பி வாரப்பக் குடுங்க" என்றார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. மச்சான் கும்பிட்டார்.

டேங்க் காலியானதும் முன்சக்கரம் ரோட்டைப் பிடித்துக்கொண்டது. அந்த வளைவை உங்கள் அம்மா பின்னால் நின்று கை காட்ட, ஒரு முழம் பின்னே எடுத்து, மறுபடி ஏற்றி, திருப்பிவிட்டேன். அதற்கும் மேலே ஒரு பஸ் எதிரில் வந்து, அதற்காக இன்னொரு தடவை பின்னால் போக வேண்டியிருந்தது. பாறை விலகிய அந்தத் திருப்பம் வந்தபோது நான் வேகத்தைக் குறைத்தேன். "நிறுத்தட்டுங்களா மச்சா?" என்று கேட்டேன். இடது கை ஜன்னலில் வெளிச்சம் விழுந்தது, அவர் தலையை அந்தப் பக்கம் திருப்பினாலே போதும். அவர் திருப்பவில்லை. "கொழந்த காத்துட்டு இருக்கும், போங்க" என்றார்.

கோயிலில் மேளக்காரர்கள் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் எழுந்து அடிக்க ஆரம்பித்தார்கள். உங்கள் அம்மா உள்ளே போய், அண்ணனுடைய வேட்டியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. நாற்காலியில் உட்கார வைத்து, துண்டால் முதுகைச் சேர்த்துக் கட்டி, நான்கு பேர் தூக்கினோம். மடியில் சீர்த் தட்டு, கழுத்தில் பெரிய மாலை. சனம் வழி விட்டது. அவர் முகத்தை நேராக வைத்துக்கொண்டு வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. தட்டை வாங்கிக்கொண்டு உன்னை அவர் மடியில் வைத்தார்கள். நீ புதுப் பாவாடையில் இருந்தாய், கூட்டத்தைப் பார்த்து உதடு பிதுக்கிக்கொண்டு. மாலை அவர் மார்பை மூடியிருந்தது, துண்டு கட்டியிருந்ததால் குனியவும் முடியவில்லை. சவரக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மச்சான் என்னை ஜாடையால் கூப்பிட்டார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"ஒக்காந்துட்டாளா மாப்ள?"

"ஒக்காந்துட்டாங்க மச்சா."

"மடியிலதான?"

"மடியிலதானுங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். உன் முடி அவர் வேட்டியில் விழுந்துகொண்டே இருந்தது. நீ அழவில்லை. காது குத்துகிறவர் ஊசியை எடுத்தபோதுதான் வீறிட்டாய். கையைக் காலை உதைத்துக்கொண்டு, முதுகை வளைத்துக்கொண்டு, இரண்டாவது காதுக்கு உன்னைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதனால்தான் உன் இடது காது ஓட்டை ஒரு நூல் மேலே இருக்கிறது. குத்தி முடித்ததும் உன் அம்மா உன்னைத் தூக்கினாள். தூக்கினவள் அப்படியே நின்றுவிட்டாள். மச்சானின் வேட்டி மடியில் பெரிதாக நனைந்திருந்தது. சுற்றி இருந்தவர்கள் பார்த்தார்கள். அந்தக் கல்யாண வீட்டில் திரும்பிக்கொண்டது போலவே, ஒவ்வொருவராக வேறு பக்கம் திரும்ப ஆரம்பித்தார்கள். மேளம்கூட ஒரு அடி தவறியது. மச்சான் எங்கள் முகங்களைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. நான் பையைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன். இரண்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. உன் பாவாடை சொட்டிக்கொண்டிருந்தது.

"மச்சா, பாப்பா நனச்சதுங்க" என்றேன்.

அவர் மாலையை ஒதுக்கினார். கையைக் கீழே கொண்டுபோய் மடியைத் தொட்டார். ஈரக் கையைத் தூக்கி முகத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தார். பிறகு அவர் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. ரிக் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகின குரல் அது, அடிபட்ட பிறகு நாங்கள் கேட்காத குரல்.

"ஏனுங்க, எல்லாரும் எதுக்கு அந்தப் பக்கம் பாக்கறீங்க? எம் மருமவ எம் மடிய நனச்சுட்டா. நல்லாப் பாருங்க."

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். உங்கள் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். வண்டிக்குள் குடத்துத் தண்ணீர் இருக்கிறது, மாற்று வேட்டி இருக்கிறது, மாற்றிவிடலாம் என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வேட்டியோடுதான் பந்தியில் உட்கார்ந்தார். வந்து கையெடுத்துக் கும்பிட்டவர்களிடமெல்லாம் மடியைக் காட்டினார்.

இப்போதும் பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் எனக்குப் போன் செய்து கொல்லிமலைக்கு எந்த வழி நல்லது, எந்த வழியில் பார்க்க நன்றாக இருக்கும் என்று கேட்கிறார்கள். முள்ளுக்குறிச்சி பக்கம் ஏறுங்கள், பின் டேங்கைக் காலி செய்துவிட்டு ஏறுங்கள், மேலே போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்று சொல்கிறேன். பாறை விலகுகிற ஒரு திருப்பம் இருக்கிறது, அங்கே நிறுத்துங்கள் என்று சொல்கிறேன். இப்போது அங்கே ஒரு அன்னாசிக் கடையும் வந்துவிட்டது. எதற்காக அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று அவர்களிடம் சொல்வதில்லை.

அன்று இறங்கும்போது, குடங்களைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அந்தத் திருப்பத்தில் நிறுத்தினேன். ஜன்னலை முழுக்கத் திறந்து, தலையணையை உயர்த்தி வைத்தோம். நீ மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவர் கை மடிப்பில் தூங்கிக்கொண்டிருந்தாய். கீழே சமவெளி முழுக்க வெயில் கிடந்தது. மச்சான் வெகுநேரம் பார்த்தார். தன் வீடு எந்தப் பக்கம் என்று தேடினார். மலைக்கு அந்தப் பக்கம், இங்கிருந்து தெரியாது என்றேன். தெரியாட்டிப் போகட்டும் என்றார். காற்று உள்ளே வந்தது. உங்கள் அம்மா மாற்று வேட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி பக்கத்தில் வந்தாள்.

"இப்பவாச்சும் மாத்திரலாங்ண்ணா. ஈரம் ஒடம்புக்கு ஆகாது."

அவர் கீழே பார்த்துக்கொண்டே கையால் அவளைத் தடுத்தார்.

"இரு அம்மிணி. மெதுவா காயட்டும்."